எட்டத்து மரைக்கு எந்தத் தோட்டா?

போன ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு கலியாண விருந்தை நான் கெடுத்துவிட்டேனாம். ஊரெல்லாம் அதே பேச்சு.

கடைத்தெருவில் பேச்சு, ரயிலில் பேச்சு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன், என் காதுபடவே இரண்டு பேர் பேசுகிறார்கள். "இந்த மனுசன்தான்" என்று ஒருவர் மற்றவருக்குக் கண்ணைக் காட்டினார். நான் நிமிர்ந்து, "ஓ, நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர்களுக்குச் செருப்பு சீக்கிரமே அகப்பட்டுவிட்டது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். செய்யாததைச் செய்தேன் என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். செய்ததைச் செய்தேன் என்று சொன்னால்... ஆமாம், செய்தேன். அதற்கு இப்போது என்ன?

ஆனால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு என்னை ஏசுவதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏசுகிறவர்கள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஏசட்டும். அந்தக் கதை கலியாண வீட்டில் தொடங்கவில்லை — என் கடையில், ஒரு தோட்டாவில் தொடங்கியது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கண்டியில் ஹார்ட்வெயார் கடை. ஆணி, பூட்டு, மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் ஒரு கண்ணாடி அலுமாரி. அதில் அரசாங்கக் கச்சேரி தந்த லைசென்ஸோடு துவக்குத் தோட்டாக்கள் விற்கிறேன். தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமாரும், வேட்டைப் பைத்தியம் பிடித்த நம்மவர்களும் அந்த அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

அங்கே நடக்கும் வாக்குவாதத்தை நீங்கள் கேட்க வேண்டும்! ஒருவர் த்ரீ-நாட்-த்ரீ ரைபிள் போதும் என்பார். இன்னொருவர் அது மனிதனைச் சுட வந்தது, மரைக்குக் காணாது என்பார். குண்டின் எடை என்ன, வெடிமருந்தின் வேகம் என்ன, முந்நூறு கெஜத்தில் எத்தனை அங்குலம் தாழும், மலையில் மேல்நோக்கிச் சுட்டால் எங்கே குறி வைப்பது... மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

துரைமார் நமது மலைநாட்டுப் பெரிய மானான மரையை 'எல்க்' என்பார்கள். வெளிநாட்டில் எல்க் என்பது வேறொரு மிருகமாம். எந்தக் காலத்திலோ ஒரு துரை வந்திறங்கி, கொம்பைப் பார்த்துவிட்டுத் தவறாகப் பெயர் வைத்தார். பின்னால் வந்த துரைமார் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெரிய இடத்தில் விட்ட பிழைக்குப் பெயர் என்று பெயர். நாம் விட்டால் அது கடைசிவரைக்கும் பிழைதான்.

இனி ஸாலிஹ் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸாலிஹ் மச்சான் என் மனைவியின் நானா, அதாவது மூத்த சகோதரர். கம்பளையில் புடவைக் கடை வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மனசு, எல்லாவற்றையும்விடப் பெரிய வாய். கொடுப்பார், ஆனால் கொடுப்பதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார். அவருடைய ஒரே மகள் ஜெமீலாவுக்கு அக்குறணையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பேச்சு முடிந்த அன்று மாப்பிள்ளையின் வாப்பா சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். "நாங்க எளிமையான ஆக்கள். என்னத்த வெச்சாலும் தின்போம்."

வேறு யாராவது என்றால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். மச்சானுக்கு அது சவாலாகப் பட்டது. எழுந்து நின்று, சபை நிறைந்திருக்கும்போது சொன்னார்: "ஒவ்வொரு சஹன்லயும் மரை எறச்சி ஈக்கும். இது என்ட வாக்கு."

சஹன் என்றால் எங்கள் கலியாணங்களில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. அத்தனை தட்டுக்கும் மரை இறைச்சி வேண்டுமானால் ஒரு முழு ஆண் மரை வேண்டும். கடையில் வாங்க முடியாது. சுட வேண்டும். மச்சானிடம் வேட்டை லைசென்ஸ் இருந்தது. மரைதான் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சின்ன துரை ஒருவர் தம் ரைபிளை விற்க என் கடைக்கு வந்தார். தேயிலை விலை விழுந்ததில் வேலை போய்விட்டது, சீமைக்குத் திரும்புகிறார். ரைபிள் த்ரீ-செவன்டி-ஃபைவ் மேக்னம். அழகான சாமான், பொய் சொல்லக்கூடாது. அதன் தோட்டா என் நடுவிரலைவிட நீளம். மச்சான் அப்போது கடையில்தான் இருந்தார். அவர் அதைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்ததும் விலை பேசி முடிந்த மாதிரிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். யாரிடம் பேசினாலும் 'நீ'தான். "இந்தப் பள்ளத்துல நீ நில்லு. அந்த மலையில எல்க் நிக்கட்டும். நானூறு கெஜம். ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்க் விழுந்த எடத்துலேயே செத்துப் போகும்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"துரை சொல்ற அதுதான் எங்களுக்குக் கரச்சல்" என்றேன்.

"என்னா கரச்சல்?"

"விழுந்த இடத்துல செத்துட்டா நாங்க தின்ன ஏலாது துரை."

துரை என்னை விசித்திரமாகப் பார்த்தார். விளக்கிச் சொன்னேன். எங்களுக்கு மார்க்கம் ஓதித் தந்த லெப்பைமார் சொன்ன கணக்கு இது: துவக்குக் குண்டு கத்தியைப்போல அறுப்பதில்லை, அடித்துக் கொல்கிறது. குண்டில் செத்த மிருகம் எங்களுக்கு ஆகாது. சுட்டு விழுத்தலாம். ஆனால் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய், பிஸ்மி சொல்லி, அதாவது அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, கழுத்தில் கத்தி வைக்க வேண்டும். வேறு கருத்துள்ள ஆலிம்களும் உண்டாம். அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை. நானும் மச்சானும் ஓதிய இடத்தில் சொல்லித் தந்தது இதுதான்.

துரை சற்று யோசித்தார். "அப்போ கெட்டிக் குண்டு போடு" என்றார்.

குண்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று முனை மெதுவானது. உடம்புக்குள் போனதும் விரிந்து உள்ளே எல்லாவற்றையும் சிதைத்துவிடும். மற்றது நிக்கல் மூடிய கெட்டிக் குண்டு. ஊசி மாதிரி ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துவிடும். கெட்டிக் குண்டு போட்டால் மரை உடனே சாகாது, ஓடிப்போய் அறுக்கலாம் என்பது துரையின் யோசனை. மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே சாகாத மரை உங்களுக்காகப் படுத்துக்கொண்டு காத்திருக்குமா? எழுந்து காட்டுக்குள் ஓடும். நானூறு கெஜத்துக்கு அப்பால் ஓடுகிற மரையைப் பள்ளம் இறங்கி மலை ஏறி யார் பிடிப்பது? எங்கேயோ ஒரு புதருக்குள் கிடந்து துடித்துத் துடித்துச் சாகும். ஆட்டை அறுக்கும்போதுகூட கத்தியை நன்றாகத் தீட்டு, அதை வதைக்காதே என்று சொல்லித் தந்த மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்துக்காகவென்று ஒரு வாயில்லா ஜீவனை வதைப்பதா?

"மெதுக் குண்டு போட்டா ஹராம். கெட்டிக் குண்டு போட்டா பாவம். எட்டத்துல இருந்து சுட எங்களுக்குத் தோட்டாவே இல்ல மச்சான்" என்றேன். "பன்னிரண்டு போர் துவக்கு எடுங்க. ஒத்த உருண்டை போடுங்க. காத்துக்கு எதிரே தவழ்ந்து போய் அம்பது கெஜத்துல சுடுங்க. விழுந்த உடனே பாய்ஞ்சி அறுங்க. வேட்டைன்டா அதுதான்."

மச்சான் தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். "தவழ்ற வயசா எனக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் ரைபிளை வாங்கிவிட்டார்.

கலியாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, விடியற்காலையில் ஹேவாஹெட்டவில் இருந்தோம். முந்தின வாரங்களில் போன இரண்டு பயணமும் வெறுங்கை. இதுதான் கடைசித் தவணை. வழி காட்ட வந்தவர் கருப்பையா. அங்குள்ள தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வேலையில்லாத நாளில் வேட்டைக்காரரோடு வருவார். மெல்லிய பனி. தேயிலை முடிகிற இடத்தில் பத்தனை தொடங்குகிறது. முழங்கால் உயரப் புல் நிறைந்த மலைச்சரிவு அது. நடுவே ஆழமான பள்ளம், அடியில் ஓடை. பள்ளத்துக்கு அப்பால் அதே மாதிரி இன்னொரு சரிவு.

பனி விலகியதும் அந்தச் சரிவில் மரை நின்றது. ஆண். புல்லுக்கு மேலே கொம்பு மட்டும் அசைந்தது. நான் எத்தனையோ மரை பார்த்தவன், ஆனாலும் அன்றைக்கு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கீழ எறங்கி ஓடையோட சுத்திப் போவோங்க" என்று கருப்பையா மெதுவாகச் சொன்னார். "காத்து நமக்குச் சாதகமா இருக்குதுங்க. கிட்டப் போயிரலாம்."

"எவ்வளவு நேரம் புடிக்கும்?" என்று மச்சான் கேட்டார்.

"கொஞ்சம் நேரமாகுமுங்க. அட்டைக்காடு."

"அதுக்குள்ள அது காட்டுக்குள்ள போய்ட்டா?"

போனாலும் போகும், மரை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை. நான் மச்சானின் தோளைப் பிடித்தேன். "வேணாம் மச்சான். கிட்டப் போவோம். போனாப் போகட்டும்."

"நாளைக்குக் கலியாணம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ரைபிளைத் தோளில் வைத்துவிட்டார். எந்தக் குண்டு போட்டிருக்கிறார் என்று பார்த்தேன். மெதுக் குண்டு.

நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு வெடியை நான் கண்டதில்லை. மலை மூன்று தடவை திருப்பிச் சொன்னது. மரை இருந்த இடத்திலேயே மடிந்து விழுந்தது. துரை சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

பிறகுதான் ஓட்டம்.

கருப்பையா முன்னால், நான் நடுவில், கையில் கத்தியோடு மச்சான் பின்னால். பள்ளத்தில் சறுக்கினோம். முள் கிழித்தது. ஓடையில் மச்சான் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நானும் கருப்பையாவும் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினோம். ஏற்றத்தில் அவர் மூச்சு, கம்பளை ஸ்டேஷனுக்குள் வரும் எஞ்சின் மாதிரி கேட்டது. பாதி வழியில் நின்று, "பிஸ்மில்லாஹ்... பிஸ்மில்லாஹ்" என்றார். மரைக்காகச் சொன்னாரா, தமக்காகச் சொன்னாரா தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் நானும் உள்ளுக்குள் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்: யா அல்லாஹ், அதற்குக் கொஞ்சம் உயிர் இருக்கட்டும்.

இருக்கவில்லை.

ஒரு புல்லைப் பிடுங்கி அதன் கண்ணைத் தொட்டேன். இமை அசையவில்லை. விலாவில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. மச்சான் வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்க்காமலே குனிந்து, பிஸ்மி சொல்லி, கழுத்தில் கத்தியை இழுத்தார். இரத்தம் மெதுவாகக் கசிந்தது. உயிருள்ள கழுத்திலிருந்து இரத்தம் எப்படிப் பாயும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ரெத்தம் வந்தது" என்றார்.

"கசிஞ்சது மச்சான். பாயல்ல."

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கருப்பையா எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாதா என்ன? எத்தனை வேட்டைக்கு வந்தவர். நாங்கள் உண்ணாவிட்டால் அது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத்தான் என்பதும் அவருக்குத் தெரியும். சோகமாக இருப்பதா, சந்தோஷப்படுவதா என்று அவருக்கே புரியவில்லை.

"மொதலாளி, அப்ப இத... லயத்துக்குக் கொண்டு போயிரலாங்களா?" என்று கேட்டார்.

மச்சான் கத்தியைப் புல்லில் துடைத்தார். கடைசியில், "சரி. லயத்து ஆக்களுக்கே குடுப்பம். நீங்க கடையத் தொறக்கப் போங்க. நான் எல்லாத்தையும் பாத்துட்டு வாரன்" என்றார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கண்டிக்கு வந்த லொறியில் ஏறிவிட்டேன்.

ஞாயிறு காலையில் குடும்பத்தோடு கம்பளைக் கலியாண வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. சமையல்காரர் பெரிய கிடாரத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய் விரித்து, அதன்மேல் குவியலாக இறைச்சி. மாட்டு இறைச்சிக்கும் மரை இறைச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?

"இது எங்க இருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"நேத்து ஹேவாஹெட்டயில மொதலாளியே அறுத்ததாம்" என்றார் சமையல்காரர் பெருமையாக. லயத்துக்குப் போனது தலையும் காலும் தோலும்தான் என்று பிறகு தெரிந்தது.

மச்சான் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து விறகுக் குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "சத்தம் போடாதீங்க. கத்தி வெச்சன், பிஸ்மி சென்னன். போதும்."

"போதாது என்டு உங்களுக்கும் தெரியும்."

"கண்டது நீங்களும் நானும். கருப்பையா இங்க வரப்போறதில்ல. தெரியாமத் தின்றவங்களுக்குப் பாவமில்ல."

"தெரிஞ்சி பரிமாறுறவனுக்கு?"

"அது என்ட தலையில ஈக்கட்டும்."

"அடுப்புக்குப் பக்கத்துல நின்டு பாத்துட்டிருக்கிற என்ட தலையில?"

"அக்குறணை ஆக்கள் லுஹர் தொழுகைக்கு முந்தி வந்துருவாங்க. சபையில வாக்குக் குடுத்திருக்கன். என்ட மானம் போகும் மச்சான். ஒரே மகள்..." என்றார். கண் கலங்கிவிட்டது.

அவரை எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். என் கலியாணத்தில் என் வீட்டார் முகம் கோணியபோது பக்கத்தில் வந்து நின்றவர் அவர். ஆனால் பாயில் குவிந்து கிடப்பது அவருடைய மானம் மட்டுமில்லை. அதை வாய்க்குக் கொண்டுபோகப் போகிறவர்கள் நம்பி வருகிறார்கள். விருந்தாளி எதைப் போட்டாலும் உண்பான், ஏனென்றால் வீட்டுக்காரனை நம்புகிறான். அந்த நம்பிக்கையைச் சமைத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

அடுப்படிக்குத் திரும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "இந்த எறச்சி ஹலால் இல்ல. நாங்க போய்ச் சேர முந்தி மரை செத்துப் போச்சு. நான் கண்ணால கண்டேன். கிடாரத்துல போடாதீங்க."

சமையல்காரரின் அகப்பை அந்தரத்தில் நின்றது.

பிறகு வந்ததே ஒரு கூச்சல்! ஒருவர் எனக்குப் பைத்தியம் என்றார். இன்னொருவர், நல்ல நாளில் நாக்கை அடக்கத் தெரியாதவன் என்றார். வயதில் மூத்த ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சரி, உண்மையாவே ஈக்கட்டும், நாளைக்குச் செல்லியிருக்கலாமே" என்றார். நாளைக்கா? எல்லாரும் தின்று முடித்த பிறகா? என் மனைவி மட்டும் வந்து நேராகக் கேட்டாள்: "கண்ணுல புல் வெச்சுப் பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். அவள் நானாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது.

நிக்காஹுக்கு முன்னால் மணப்பெண் ஆண்கள் நிற்கிற பக்கம் வருவதில்லை. ஜெமீலா வந்தாள். பட்டுச் சேலை, கை நிறைய மருதாணி. பெண்கள் பின்னால் இழுத்தார்கள். அவள் வாசற்படியில் நின்று தன் வாப்பாவைப் பார்த்தாள்.

"வாப்பா" என்றாள். "நீங்க போய்ச் சேர்ற நேரம் அதுக்கு உசிர் ஈந்ததா? அத மட்டும் செல்லுங்க."

"மகள், நீ உள்ள போ..."

"ஈந்தது என்டு நீங்க சென்னா நான் நம்புவன். மாமா பொய் செல்றார் என்டு எடுத்துக்கொள்வன். மாப்பிள்ள வூட்டாரோட ஒக்காந்து நானும் தின்பன். நீங்க செல்லுங்க வாப்பா."

ஒரு சொல் போதும் மச்சானுக்கு. 'ஈந்தது' என்றால் நான் அன்றிலிருந்து பொய்யன். ஊர் அவரைத்தான் நம்பும், நான் என்ன சாட்சி காட்டுவேன்?

மச்சான் மகளைப் பார்த்தார். எத்தனையோ சபையில் வாய் ஓயாமல் பேசிய மனிதர், வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"இல்ல மகள்" என்றார்.

ஜெமீலா தலையை ஆட்டினாள். முகத்தில் கோபமில்லை. சமையல்காரர் பக்கம் திரும்பி, "அப்ப பருப்ப ஏத்துங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

ஏற்றினார்கள். ஆடு மாடு தேடி அறுக்க நேரமில்லை; அக்கம்பக்கத்தில் அகப்பட்ட ஒன்றிரண்டு கோழி மாப்பிள்ளையின் சஹனுக்குத்தான் போதுமாக இருந்தது. மற்ற எல்லாச் சஹனுக்கும் பருப்பும், பூசணிக்காய்க் கறியும், கருவாட்டுப் பொரியலும். இறைச்சி வந்த லொறியிலேயே ஹேவாஹெட்டவுக்குத் திரும்பிப் போனது. அன்று மாலை லயத்தில் நடந்த விருந்தைப் போல் ஒரு விருந்து நடந்ததில்லை என்று கருப்பையா சொல்லி அனுப்பினார். ஆக, கலியாண விருந்து கெட்டுப்போகவில்லை, இடம் மாறியது.

அக்குறணை ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவர் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்றுதான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எத்தனை கலியாண வூட்ல, கேக்காமத் தின்டீக்கோமோ..." என்றார். பிறகு உட்கார்ந்து சோற்றில் பருப்பை ஊற்றினார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். தாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர் அன்று அவர் ஒருவர்தான்: என்னத்தை வைத்தாலும் தின்றார்.

இதுதான் நடந்தது. இதற்குத்தான் ஏச்சு.

கடைக்கு வந்து உபதேசம் செய்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் மார்க்கத்தை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்கிறார். இன்னொருவர் குடும்ப விஷயத்தைப் பந்தலில் அவிழ்க்கக்கூடாது என்கிறார். சரி, ஒன்று கேட்கிறேன். தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற முந்நூறு பேரை ஏமாற்றிவிட்டு, ஒரு மச்சானின் முகத்தை மட்டும் காப்பாற்றுவதற்குப் பெயர் மரியாதையா? நமது ஊரில் மரியாதை என்ற பெயரில் எத்தனை கிடாரம் இப்படி அடுப்பேறியிருக்கிறது? நாளைக்கு இன்னொரு பந்தலில் இன்னொரு இறைச்சி இருந்தாலும் இதையேதான் செய்வேன். சத்தமாகவே செய்வேன்.

தோட்டாவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் கடையின் பதில் இதுதான்: நீங்கள் கத்தியோடு ஓடிச் சேரக்கூடிய தூரம்தான் உங்கள் தோட்டாவின் தூரம். அதற்கு மேல் பாயும் தோட்டா அலுமாரியில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் காட்டுவேன், ஆனால் நல்லது என்று வாயால் சொல்ல மாட்டேன்.

மச்சான் என்னோடு பேசுவதில்லை. அவர் மனசு ஆறுமட்டும் பேச வேண்டாம். ஆனால் பந்தலில் என்னைப் பைத்தியம் என்றாரே, அவர் வீட்டில் அடுத்த மாதம் கலியாணமாம். எனக்கு அழைப்புக் கிடையாதாம். ஆள் அனுப்பி அதை எனக்குச் சொல்லியும் விட்டார்கள்.

கிடையாவிட்டால் போகட்டும். என் வீட்டிலும் பருப்பு இருக்கிறது.